மஞ்சள் ஆலைக்கு 35 சதவீத மானியம்: மூன்றாண்டு அனுபவம்

ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சள் தூள் அரைக்கும் சிறிய ஆலை வைத்திருக்கிறேன். 2020இல் தொடங்கிய, உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் கடன் வாங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாகிறது. "நாமும் இப்படி ஆலை போடலாமா?" என்று சொந்தக்காரர்கள் ஓயாமல் கேட்கிறார்கள்.

மானியம் திட்ட மதிப்பில் 35 சதவீதம். உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். என்னுடையது 8 லட்சம் ரூபாய்த் திட்டம். கைப்பணம் 80 ஆயிரம், கடன் 7.20 லட்சம், மானியம் 2.80 லட்சம். ஆனால் மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே தனிக்கணக்கில் கிடக்கும். வங்கி கடனின் கடைசித் தவணையைத் தந்து மூன்றாண்டுகள் கழித்து, கடன் வாராக்கடனாகாமல் ஆலையும் ஓடிக்கொண்டிருந்தால் கடனில் கழிப்பார்கள். அதுவரை அந்தத் தொகை அளவுக்கான கடனுக்கு வட்டி இல்லை. எனக்குக் கழித்துவிட்டார்கள், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வங்கியில்தான் இழுத்தடித்தார்கள். 10 லட்சம் வரை சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது நான் கடன் வாங்கியபோது இருந்த ரிசர்வ் வங்கி விதி. கிளையில் முதலில் கேட்டதோ விளைநிலப் பத்திரம்! விதியை அச்செடுத்து நீட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கும் காசு கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

உண்மையான நெருக்கடி அதன்பின் வந்தது. மானியம் இயந்திரத்துக்குத்தான், சரக்குக்கு இல்லை. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். தை, மாசி, பங்குனியில் வெட்டி, வேகவைத்துக் காயவைத்து மண்டிக்கு வரும்போதே ஆண்டு முழுவதற்குமான விரலி மஞ்சளை (விரல்போல் நீண்ட கிழங்கை) வாங்கி அடுக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவன் ஆவணியில் கிடங்குக்காரர் சொல்லும் விலைக்கு வாங்குவான். முதல் ஆண்டு என் பல்வரைசர் (தூளாக்கும் இயந்திரம்) பாதி நாள் சும்மா நின்றது. நகையை வைத்துச் சரக்கெடுத்த பிறகுதான் ஆலை முழுதாக ஓடியது.

விற்பனைக்கும் உதவி குறைவு. விளம்பரம், வணிகப் பெயருக்கான 50 சதவீத உதவி சுயஉதவிக் குழுக்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும்தான், தனியாளுக்கு இல்லை. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதைப் பொட்டலத்தில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். மண்டிக்காரர்கள் பலருக்கே இது தெரியவில்லை. நான் விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

கேட்கிற சொந்தங்களுக்கு என் பதில்: ஓர் ஆண்டுச் சரக்குக்குப் பணம் புரட்ட வழியிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வேறு ஆலையில் கூலி கொடுத்து அரைத்து வாடிக்கை பிடித்துவிட்டு, திட்டம் அப்போதும் இருந்தால் அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்.