தியேட்டர் ஸ்க்ரீன்ல டூரண்டாட் ஆபரா: காசு குடுத்து போகலாமா?

ஆபரான்னா முழுக்க பாட்டாவே நடக்கற நாடகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா (சுருக்கமா ‘மெட்’) 2006ல இருந்து அவங்களோட சனிக்கிழமை மேட்னி (மதிய) ஷோவ சாட்டிலைட் வழியா உலகம் பூரா சினிமா தியேட்டர்களுக்கு அனுப்பிட்டு இருக்காங்க, லைவ் இன் ஹெச்டின்னு பேரு. அதுல 2019 அக்டோபர் 12 அன்னிக்கு வந்த, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியோட டூரண்டாட்ட லண்டன்ல ஒரு தியேட்டர்ல பாத்தேன். டைரக்டர் ஃப்ராங்கோ ஸெஃபிரெல்லி 1987ல இதே மெட்ரோபாலிட்டன் ஆபராவுக்காக போட்ட பிரம்மாண்டமான ப்ரொடக்ஷன், அவர் இறந்த வருஷமே திரும்ப மேடைக்கு வந்தது. எல்லாரும் செட்ட பாக்கத்தான் போவாங்க, ஆனா குடுத்த காசுக்கு ஈடா கிடைச்சது லியூங்கிற அந்த அடிமைப்பொண்ணு தான்.

கதை தெரியாதவங்களுக்கு: பீக்கிங் இளவரசி டூரண்டாட் மூணு விடுகதை போடுவா, பதில் சொல்றவன கட்டிக்குவா, சொல்லாதவனுக்கு தலை போயிரும். முதல் ஆக்ட்ல அவ சும்மா வந்து நின்னுட்டு போயிருவா, ஒரு வரி கூட பாட்டு கிடையாது, ரெண்டாவது ஆக்ட் பாதியிலதான் வாயே திறக்கறா. அதுக்கு சரியா முன்னாடி அந்த தங்க அரண்மனை வரும் பாருங்க, நியூயார்க்ல உக்காந்திருக்கறவங்க கைதட்டற சத்தம் நம்ம ஸ்பீக்கர்ல கேக்குது, ஆனா கேமரா ஒரு நிமிஷம் அசையாம நின்னு முழு மேடையையும் காட்டக்கூடாதா, டக்கு டக்குன்னு முகத்துக்கு தாவிருது. இவ்ளோ பெரிய செட்ட போட்டதே மொத்தமா பாக்கத்தானே, எனக்கு இதுல நெஜமாவே வருத்தம்.

அடுத்தது சவுண்டு. மெட்ல சுமார் 3,800 சீட், பாடறவங்களுக்கு மைக் கிடையாது, ஆர்க்கெஸ்ட்ராவையும் கோரஸையும் தாண்டி வெறும் தொண்டைல கடைசி வரிசை வரைக்கும் போகணும். டூரண்டாட் ரோலோட கஷ்டமே அதுதான். அந்த ரோல்ல கிறிஸ்டீன் கோர்க்கி நல்லா பாடறாங்க, ஆனா தியேட்டர்ல எல்லா குரலையும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வந்துடறதால அவங்க குரலோட சைஸ் நமக்கு வந்து சேரல. போதாக்குறைக்கு நான் போன தியேட்டர்ல முதல் ஆக்ட் பூரா வால்யூம் கம்மி, இடைவேளைல யாரோ போய் சொன்ன பிறகுதான் ஏத்தினாங்க. உங்களுக்கும் அப்படி இருந்தா பொறுத்துக்காதீங்க, உடனே எழுந்து போய் சொல்லுங்க.

லியூவா பாடின எலியனோரா புராட்டோவுக்கு இதே கேமரா வரமா அமைஞ்சது. முதல் ஆக்ட் பாட்டோட முடிவுல அந்த உச்ச ஸ்வரத்த மெல்லிசா புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்கறப்போ முகம் க்ளோசப்ல, எங்க மூச்ச அடக்கறாங்கன்னு கூட தெரியுது. பால்கனி டிக்கெட்ல இதெல்லாம் கனவுலயும் கிடைக்காது. மூணாவது ஆக்ட்ல, விடுகதைக்கு பதில் சொல்லி ஜெயிச்ச ஊர் பேர் தெரியாத இளவரசனோட பேர சொல்ல மாட்டேன்னு லியூ குத்திக்கிட்டு செத்துப்போறா, இளவரசனோட அப்பா, கண்ணு தெரியாத பெரியவர் தீமூர் விடிஞ்சிருச்சு எந்திரிம்மான்னு கூப்புடறாரு, அதுல தீமூரா பாடின ஜேம்ஸ் மோரிஸ் கை அவள தடவி தேடுது, எங்க வரிசைல பாதி பேர் கண்ண தொடச்சுட்டு இருந்தாங்க.

புச்சினி 1924ல சாகும்போது எழுதி முடிச்சிருந்தது அதுவரைக்கும்தான். 1926ல இத்தாலில மிலான் லா ஸ்காலா ஆபரா தியேட்டர்ல முதல் ஷோ நடந்தப்ப ஆர்க்கெஸ்ட்ராவ நடத்தின டோஸ்கனினி சரியா அந்த இடத்துல நிறுத்திட்டாரு. மிச்சம் ஃப்ராங்கோ அல்ஃபானோங்கற இன்னொரு இசையமைப்பாளர் முடிச்சது, பொண்ணு செத்த கையோட முத்தமும் காதலும்னு ஓடுது, எனக்கு ஒட்டவே இல்ல. பிங், பாங், பொங்னு சீன மந்திரிகளுக்கு கிண்டலா பேர் வச்சிருக்கறதும் இன்னிக்கு பாக்க உறுத்துது.

இளவரசன் பாடற நெஸ்ஸுன் டோர்மா பாட்டுக்காக போறவங்க கவனிங்க, 1990 உலகக்கோப்பை நேரத்துல பாடகர் பவரோட்டி குரல்ல கேட்டு பழகின அந்த பாட்டு மூணாவது ஆக்ட் ஆரம்பத்துலயே வந்து மூணு நிமிஷத்துல முடிஞ்சுரும், அதனால ரெண்டாவது இடைவேளைல பாப்கார்ன் வாங்க க்யூல நின்னு லேட்டா வராதீங்க. இளவரசனா பாடின யூசிஃப் எய்வாசோவ் குரல்ல இனிமை கம்மி, ஆனா கடைசி ஸ்வரத்த பயமில்லாம அடிக்கறாரு.

இடைவேளைல பேக்ஸ்டேஜ் காட்டறாங்க, பேட்டியும் உண்டு, இது நியூயார்க்ல டிக்கெட் வாங்கினவங்களுக்கே கிடைக்காத விஷயம். மொத்தம் மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், சப்டைட்டில் இருக்கு. சீட் நடு வரிசைல பின்னாடி தள்ளி எடுங்க, முன்னாடி உக்காந்தா கோரஸ் கூட்டத்துல எங்க பாக்கறதுன்னே தெரியாது.