சுங்கை சிப்புட் பழைய ரோட்டுப் போமன்: நாலு ஸ்டார், ஐந்தாவது ஸ்டார் சீட்டு விஷயத்தில் போய்விட்டது

இந்தப் போமனைப் பற்றி, அதாவது கார் மெக்கானிக்கைப் பற்றி, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம், விலை நியாயம், இல்லாத பழுதை இருக்கிறது என்று சொல்லிக் காசு பிடுங்கும் பழக்கம் இல்லை. செம்மோர் தாண்டி சுங்கை சிப்புட் போகும் பழைய ரோட்டில் காடி படுத்துக்கொண்டால் இவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம். பெயர்ப் பலகை உண்டு, ஆனால் வெயிலில் எழுத்து பாதி வெளுத்துவிட்டது. பட்டணத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப் பக்கம், வாசலில் பெரிய மாமரம். அதுதான் அடையாளம். ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

நானும் என் மகனும் கிள்ளானிலிருந்து வந்தோம். அவனுக்குப் பதினான்கு வயது. அவன் அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது, தலைத்திவசம் இன்னும் வரவில்லை, அதனால் கோயில் குளம் என்று எதுவும் இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பையன் ஒருமுறை நிதானமாகப் பார்க்கட்டும் என்றுதான் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் போனால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் டோல் கட்டுகிற ஆள் கிடையாது. அந்தக் காசுக்கு தஞ்சோங் மாலிமில் பாவ் வாங்கிச் சாப்பிடலாம் என்பார். அதனால் நாங்களும் பழைய ரோட்டிலேயே வந்தோம். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வொரு இடத்திலும் “இங்க அப்பா நிறுத்துவாரும்மா” என்று பையன் சொல்ல, நான் நிறுத்த, ஈப்போ வரும்போதே மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது.

காடி அவருடையது. இருபத்தைந்து வயது தாண்டிய மேனுவல் கியர் வண்டி. விற்றுவிடு என்று என் அண்ணன் சொல்லாத வாரம் இல்லை. அவர் நல்ல உயரம், நான் ஐந்தடிகூட இல்லை. அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே சீட்டு இருக்க, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான் ஏழு மாதமாக ஓட்டுகிறேன். கிளட்ச்சை முழுசாக மிதிக்க நுனிக்கு வரவேண்டும். ஏன் சீட்டை இழுத்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

செம்மோர் தாண்டியதும் சூட்டு முள் பாதியைக் கடந்து மேலே போனது. நான் கவனிக்கவில்லை, பையன்தான் பார்த்தான். ஓரமாக நிறுத்தியபோது முன்னால் புஸ்ஸென்று ஆவி. இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைப் பிடித்து இழுத்தான். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில்தான் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலே போயும் கொதிக்காமல் அடங்கியிருக்கும், திறந்தால் மூஞ்சியில் அடிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை! அரை மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றோம். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டதிலிருந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்கிற அதே கதையை, அவர் சொல்கிற அதே இழுவையில் பையன் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சரி, விடுங்கள்.

அந்த வழியாக மோட்டாரில் வந்த ஒருவர்தான் போமனுக்கு போன் போட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீரோடு அவரே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஆள் வாட்டசாட்டம். கைவைக்கும் முன் “என்ஜின எப்ப அடைச்சீங்க, உடனேயா, கொஞ்ச தூரம் ஓட்டினீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். உடனே அடைத்ததாகச் சொன்னதும் முகம் தெளிந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தது. அதை டேப் சுற்றி, தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னாலேயே வந்தார்.

பட்டறையில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெண்பிள்ளை காடி கொண்டுவந்தால் ஒன்றும் சொல்லாமல் பில்லை மட்டும் நீட்டும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து என்னிடமே காட்டினார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து தே தாரிக் மாதிரி வெளுத்துப்போய் இருக்குமாம், அப்படி இருந்தால் செலவு ஆயிரத்தில் நிற்கும், உங்களுக்கு அது இல்லை என்றார். பழைய ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. கீழ் ஹோஸும் அதே வயதுதான், ஆனால் இன்னும் மெத்தென்று இருக்கிறது, ஊருக்குப் போய் மாற்றினால் போதும் என்றார். அதையும் இங்கேயே மாற்றி இன்னும் முப்பது வெள்ளி (ரிங்கிட்) பார்த்திருக்கலாம்.

என்ஜின் தண்ணீரைச் சூட்டுக்குத் தகுந்தபடி திறந்து விடுகிற தெர்மோஸ்டாட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு இவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் போமன்கள் நிறைய. இவர் அதை வெளியே எடுத்து, பையனைக் கூப்பிட்டு, கொப்பி போடுகிற கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டின்னில் ஊற்றி அதற்குள் போட்டார். “தம்பி, மேல என்ன நம்பர் இருக்கு?” 82. அந்தச் சூட்டில் அது தானாகத் திறக்க ஆரம்பிக்கும், அதுவரைக்கும் மூடியே இருக்கும், அப்போதுதான் என்ஜின் சீக்கிரம் சூடேறி ஒழுங்காக ஓடும், கழற்றிப் போட்டால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும் தேய்மானமும் அதிகம் என்றார். அந்தச் சின்ன வட்டம் வாய் திறப்பதைப் பையன் மூன்று தடவை பார்த்தான். “மறுபடி ஆறவச்சா மூடிக்குமா அங்கிள்?” என்று கேட்டான். வீட்டில் இவன் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து எத்தனை நாள் ஆகிறது.

உட்கார பெஞ்சு உண்டு, காற்றாடி உண்டு, கழிவறை சுமார்தான். சுவரில் மலேசியத் தமிழர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் படம். இந்த ஊர்க்காரர் ஆயிற்றே. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் 1960இல் அவர் ஆரம்பித்த நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் போமனுடைய அப்பாவும் பங்கு வாங்கியவர், என் மாமனாரும் வாங்கியவர். நாங்கள் போகிற தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், பழைய லயம் இடித்தாகிவிட்டது, ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, ஆனால் கிணறு இருக்கிறது, கிணற்றடியில் நின்று பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் வீடு எந்தப் பக்கம் என்று தெரியும் என்றார். அவருக்கு என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

இப்போது குறை. வேலை முடிந்து, காற்று வெளியேறட்டும் என்று மூடியைத் திறந்து வைத்து, குமிழ் நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் காற்றாடி தானாகச் சுற்றுகிறதா என்றும் பார்த்தபின் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க ஏறினார். ஏறும்போது, கேட்காமல் கொள்ளாமல், என் இரண்டு தலையணையையும் பின்னால் தூக்கிப்போட்டு, சீட்டை ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ளிவிட்டார். எல்லாப் போமனும் செய்வதுதான். பையன் ஓடிவந்து கத்தினான் பாருங்கள், மாமரத்தில் இருந்த மைனாவெல்லாம் பறந்துவிட்டன. “அது அப்பா வச்சது!” பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று அவனை அதட்ட வந்த எனக்கும் வாய் வரவில்லை. சீட்டு தடத்தில் எத்தனையாவது பல்லில் இருந்தது என்று நானும் எண்ணி வைத்ததில்லை.

அவர் இறங்கினார். மன்னிப்பு அது இது என்று இழுக்கவில்லை. டார்ச் லைட் எடுத்துவந்து கீழே முட்டி போட்டு, பையனையும் பக்கத்தில் முட்டி போடச் சொன்னார். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தடத்தில் அழுக்கும் கிரீஸும் கறுப்பாகப் படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று இருந்தது. “இத்தன வருஷமா சீட்டு உக்காந்திருந்த எடம் இதுதான் தம்பி. அழுக்கு ஏறல பாரு.” சீட்டை மெதுவாக இழுத்துச் சரியாக அந்த இடத்தில் பல்லில் விழவைத்தார். டக்கென்று சத்தம் வந்தது. பையன் உட்கார்ந்து பார்த்து, இறங்கி, ஒன்றும் பேசாமல் தலையணைகளை எடுத்து எனக்கு வைத்தான்.

பில்: ஹோஸ் 32, கிளிப் 6, கூலண்ட் 28, கூலி 40, மொத்தம் 106. நூறு வெள்ளி வாங்கிக்கொண்டார். ரோட்டோரம் வந்ததற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. டேஷ்போர்டில் எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு சர்வீஸையும் குறித்து வைத்த 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகம் கிடந்தது. கடைசி வரி அவர் கையெழுத்து, எண்ணெய் மாற்றியது. போமன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஹோஸ் மாற்றியதை அதற்குக் கீழேயே எழுதச் சொல்லிப் பையனிடம் பேனாவைக் கொடுத்தார்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போய், கோலகங்சார் வரைக்கும் ஓட்டி, திரும்பக் கிள்ளான் வந்து சேர்ந்தோம். முள் பாதிக்கு மேல் அசையவில்லை.

ஐந்து கொடு என்கிறான் பையன். நான் நாலில் நிற்கிறேன், கேட்டிருக்கவேண்டும். ரொக்கம் மட்டும், கார்டு கிடையாது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கதவு சாத்திவிடுவார், அதனால் அன்றைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சீட்டில் கைவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், கேட்டுக்கொள்வார்.