நெட் கணிதத்துக்கு ஏஐயா, ஸேஜா, சாரா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் முடித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு உட்காருகிற பிள்ளைகள் எல்லோர் போனிலும் இப்போது சாட்ஜிபிடியோ ஜெமினியோ இருக்கிறது. ‘ஏஐக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சு இனி எடுபடாது. 2024 சர்வதேச கணித ஒலிம்பியாடில் கூகுள் டீப்மைண்டின் கருவிகள் 42க்கு 28 எடுத்தன. தங்கத்துக்கு ஒரு மதிப்பெண்தான் குறைவு. 2025இல் ஜெமினியின் சிறப்பு வடிவம் 35 எடுத்துத் தங்கத் தரத்தைத் தொட்டது. ஆனால் போட்டிக்கென்று தயாரான அந்த வடிவமும் பஸ்ஸில் நாம் தட்டுகிற இலவச வடிவமும் ஒன்றல்ல.

நிரூபணத்தில்தான் ஏஐயிடம் உஷாராக இருக்க வேண்டும். மெய்யெண்கள் முழுவதிலும் சீரான தொடர்ச்சியுள்ள (uniformly continuous) இரண்டு சார்புகளைப் பெருக்கினால், பெருக்கலும் சீரான தொடர்ச்சியுள்ளதா? இல்லை. x சீரான தொடர்ச்சியுள்ளது, ஆனால் xஐ xஆல் பெருக்கினால் வருகிற x² அப்படியில்லை, அங்கேயே கதை முடிந்தது. ஆனால் ‘ஆம் என்று நிரூபி’ எனக் கேட்டால் எப்படி வழுக்கலாம் பாருங்கள். முதல் வரியில் முக்கோண அசமன்பாடு, இரண்டாம் வரியில் பொதுக்காரணி, மூன்றாம் வரியில் சத்தமில்லாமல் ‘முதல் சார்பு f வரம்புடையது என்பதால்’ என்று ஒரு துண்டு. கேள்வியில் அது எங்கேயும் கிடையாது. இந்தக் கணக்கு ரொம்பப் பிரபலம் என்பதால் இன்றைய கருவிகள் பெரும்பாலும் பிடித்துவிடும். அதிகம் அறியப்படாத கணக்கில் இதே மூன்றாம் வரி வந்தால், படிக்கிறவருக்கே விஷயம் தெரிந்திருந்தால்தான் மாட்டும்.

ஸேஜ், உல்ஃப்ரம் ஆல்ஃபா போன்ற கணக்கீட்டு மென்பொருள்களிடம் இந்த வாய்ஜாலம் கிடையாது. அணியின் ஐகன் மதிப்பு, 12 உறுப்புள்ள A₄ குலத்தில் 6 உறுப்புள்ள உட்குலம் உண்டா என்பதெல்லாம் சொன்னபடி கணக்கிட்டுத் தரும். ஸேஜ் இலவசம் வேறு. A₄இல் அப்படி ஓர் உட்குலம் இல்லை; ஏன் இல்லை என்று கேட்டால் மட்டும் அதனிடம் பதில் இருக்காது.

அப்புறம் கல்லூரியில் பாடம் நடத்தும் சார். நோட்டை நீட்டினால் மூன்றாம் வரியில் விரலை வைத்து, “மக்கா, இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்பார். ஒரு மாதப் படிப்பு அந்த ஒரு கேள்வியில் நடக்கும். தக்கலையிலிருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும், ராத்திரி பதினொரு மணிக்கு முடியாது என்பது பெரிய குறைதான். என்றாலும் என் ஓட்டு அவருக்கே.

லீன் (Lean) என்று ஒரு மென்பொருளும் இருக்கிறது. நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்க்கும், ஓட்டை இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. 2024 ஒலிம்பியாடில் டீப்மைண்டின் கருவிகளில் ஒன்றான ஆல்ஃபாப்ரூஃப் நிரூபணங்களை எழுதியது இதில்தான். தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது புதிதாகக் கற்க நேரம் இருக்காது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்.

நெட் ‘சி’ பகுதியில் ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண். சரியான தெரிவுகள் எல்லாவற்றையும் குறித்தால்தான் அது கிடைக்கும், ஒன்று விட்டாலும் பூஜ்யம். அதனால் முதலில் நீங்களே பேப்பரில் போட்டுப் பாருங்கள். பிறகு ஏஐயிடம் ‘நிரூபி’ என்று கேட்காமல், ‘நாலு தெரிவுகளில் ஒவ்வொன்றையும் உடைக்க ஓர் எதிர் எடுத்துக்காட்டு தேடு’ என்று கேளுங்கள். நிரூபணத்தைவிட எதிர் எடுத்துக்காட்டைச் சரிபார்ப்பது சுலபம், ரெண்டு நிமிஷ வேலை. அதற்கும் பிடிபடாததை மட்டும் குறித்துவைத்து சாரிடம் கொண்டு போங்கள்.