ஸ்டோரேஜ் என்க்ளோஷருக்கு ஏஎம்சி போடுகிறீர்களா? 'எல்லாம் பச்சை' ரிப்போர்ட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

இரண்டு சர்வர்களுக்குப் பொதுவாக ஒரே எஸ்ஏஎஸ் என்க்ளோஷர் (சர்வருக்கு வெளியே டிஸ்க்குகளை வைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்.

'ஸ்டோரேஜ் ஹார்டுவேர் 24 மணி நேரக் கண்காணிப்பு' என்று ஒப்பந்தத்தில் எழுதிக் காசு வாங்கிய வெண்டர் எங்கள் அலுவலகத்தில் கண்காணித்தது சர்வரை மட்டும்தான். மாத ரிப்போர்ட்டில் ஸ்டோரேஜ் எப்போதும் பச்சை. யூபிஎஸ் வேலைக்காக ஒரு பக்க மின்சாரத்தை நிறுத்தியதும் என்க்ளோஷரே அணைந்து, இரண்டு சர்வர்களும் ஒன்றாக டிஸ்க்குகளை இழந்தன. என்க்ளோஷரின் இரண்டு பவர் சப்ளைகளில் மறுபக்கத்தது வெகு முன்பே செத்திருந்தது. மாத விசிட்டுக்கு வந்தவர் ரேக்கின் பின்கதவைத் திறந்திருந்தாலே ஆரஞ்சு விளக்கு கண்ணில் பட்டிருக்கும். கேட்டால் 'என்க்ளோஷர் ஸ்கோப்பில் இல்லை' என்கிறார்கள். அவசர விசிட்டுக்குத் தனி பில் வேறு.

அவர்களுடைய ஸ்கிரிப்ட் செய்தது இரண்டே வேலை: சர்வருக்கு பிங் (பதில் தருகிறதா என்று பார்ப்பது), வால்யூம் (டிஸ்க்குகளில் அமைத்த சேமிப்பிடம்) நிலை. ஒரு பவர் சப்ளை போனாலும் மற்றது டிஸ்க்குகளைத் தாங்கும்; வால்யூமுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஃபேன், வெப்பம், மின்சாரம் எல்லாவற்றையும் என்க்ளோஷருக்குள் இருக்கும் செஸ் என்ற சேவைதான் அறியும். சாதாரண எச்பிஏ கார்டில் (சர்வரை டிஸ்க் பெட்டியோடு இணைக்கும் கார்டு) இணைத்த ஜேபாட் (இதுபோன்ற வெறும் டிஸ்க் பெட்டி) தானாக மெயில் அனுப்பாது. நாம் போய்க் கேட்டால்தான் சொல்லும்.

லினக்ஸில் கேட்பது சுலபம். 'எல்எஸ்ஸ்கஸி -ஜி' (lsscsi -g) கொடுத்தால் என்க்ளோஷர் எந்த எஸ்ஜி எண்ணில் (லினக்ஸ் அந்தச் சாதனத்துக்குக் கொடுக்கும் எண்) இருக்கிறது என்று தெரியும். அந்த எண்ணில் 'எஸ்ஜி_செஸ் --பேஜ்=2' (sg_ses --page=2) ஓட்டுங்கள். முதலில் வரும் கிரிட் (CRIT, தீவிரக் கோளாறு), நான்-கிரிட் (NON-CRIT, தீவிரமற்ற கோளாறு), அன்ரெகவ் (UNRECOV, மீள முடியாத கோளாறு) மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும். 1 இருந்தால் அந்த வெளியீட்டிலேயே கீழே பாருங்கள்: பவர் சப்ளை பகுதியில் 'ஏசி ஃபெயில்=1' என்றால் பெரும்பாலும் கேபிளோ பிளக்கோ; 'டிசி ஃபெயில்=1' என்றால் யூனிட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ரீபூட் ஆனால் எஸ்ஜி எண் மாறலாம். எண்ணை நிலையாக எழுதி வைத்தால் ஸ்கிரிப்ட் வேறு எதையோ படிக்கும், அல்லது எதையும் படிக்காது. பிழை வந்தால் பேசாமல் முடியும் ஸ்கிரிப்ட் அதையும் பச்சை என்றே காட்டும். என்க்ளோஷரின் எஸ்ஏஎஸ் முகவரியை வைத்துத் தேடச் சொல்லுங்கள். 'படிக்க முடியவில்லை' என்பதும் அலர்ட்டாக வர வேண்டும். என்க்ளோஷரின் இரண்டு ஐஓ மாட்யூலுக்கும் (சர்வரிலிருந்து வரும் கேபிளைச் சொருகும் பகுதி) கேபிள் போட்டிருந்தால் ஒரே பெட்டி இரண்டு எஸ்ஜி எண்களில் தெரியும். இரண்டு ஒன்றாகக் குறைந்தால் கேபிளோ மாட்யூலோ போயிருக்கிறது. டிஸ்க்குகளுக்குப் போகும் வழிகளைக் காட்டும் 'மல்டிபாத் -எல்எல்' (multipath -ll) அதை உறுதிப்படுத்தும். கண்காணிப்பு இரண்டு சர்வர்களிலும் ஓடட்டும்.

ஒப்பந்தத்தில் 'என்க்ளோஷரின் பவர் சப்ளை, ஃபேன், வெப்பம், ஐஓ மாட்யூல்' என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். முதல் தவணைக்கு முன் செயல்முறைச் சோதனை கேளுங்கள். பேக்கப் முடித்து, பராமரிப்பு நேரத்தில், இரண்டு பவர் சப்ளையும் ஓகே என்று பேஜ் 2-இல் பார்த்த பிறகே ஒரு பக்கப் பவர் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். அலர்ட் வெண்டருக்கு மட்டுமல்ல, உங்கள் மெயிலுக்கும் வர வேண்டும். மாத ரிப்போர்ட்டுடன் பேஜ் 2 வெளியீட்டை, தேதி நேரத்தோடு, அப்படியே இணைக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் பில்லை நிறுத்தி வையுங்கள்.