மொட்டைமாடி ஜாடிக்கு ஒளிரும் பெயின்டா, எல்.இ.டி சரமா?

பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டைமாடியில், ஏப்ரல் மாலைகளுக்காக ஊறுகாய் ஜாடிகளை விளக்காக்க இரண்டையும் செய்து பார்த்தேன்.

செலவு: எல்.இ.டி சரம் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவு. வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலந்த நல்ல பெயின்ட் விலை கூடுதல்.

வெளிச்சம்: வெயிலில் வைத்து எடுத்த பெயின்ட் முதல் சில நிமிடங்கள் பச்சையாகப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் மளமளவென்று மங்கும். ஆனால் கண் இருட்டுக்குப் பழகிவிட்டால், ஜாடிக்குள் வைத்த அந்த மெல்லிய பெயின்ட் புள்ளிகள் மின்மினி போலவே வெகுநேரம் தெரியும். எனக்கு அதுதான் அழகு. சரத்தில் படிக்கிற அளவு வெளிச்சம் கிடைக்கும்.

மழை: பெயின்ட்டை ஜாடியின் உட்புறம் வைத்து மூடினால் கவலையில்லை. சரத்தின் பேட்டரிப் பெட்டியில் தண்ணீர் இறங்கினால் துருதான்.

பிள்ளைகளோடு செய்ய பெயின்ட். சாப்பாட்டு மேசைக்கு எல்.இ.டி. பட்டன் பேட்டரி சரம் மட்டும் வேண்டாம், குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.