நேதாஜி படை யூனிபார்ம் என்று விற்கிறார்கள், உஷார்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கேப்டன் போட்ட உடுப்பு, பர்மாவிலிருந்து வந்த பெட்டியில் கிடைத்தது" என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காக்கிச் சட்டையைக் காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். என்னிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தது சினிமா ஷூட்டிங்குக்குத் தைத்த சட்டை.

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளை யாரும் சந்தேகப்பட வேண்டாம். அங்கே எனாமல் கிண்ணம், மரப்பாச்சி, பழைய பூட்டு என்று நிறைய வாங்கியிருக்கிறேன். புதுசைப் புதுசு என்றே சொல்லி விற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்கு விற்ற ஆளுக்குக் கடையே கிடையாது. வீட்டில் சரக்கை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறவர்.

அவர் சொன்ன கதை இதுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது ரங்கூன் முகவரி எழுதிய ட்ரங்குப் பெட்டி கிடைத்ததாம். அதற்குள் இந்த யூனிபார்ம். நம்ம ஊரில் பர்மா என்றால் மறுகேள்வி கிடையாது. பாதி வீடுகளில் நிற்கும் தேக்குத் தூணே அங்கிருந்து வந்ததுதான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதை ஒட்டி, கடையையும் வயலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர்களின் கதையைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் நேதாஜி படையில் ஏராளமாகச் சேர்ந்ததும் சத்தியம். கதையில் ஒவ்வொரு துண்டும் உண்மை, சேர்த்துத் தைத்த இடத்தில்தான் பித்தலாட்டம்.

சட்டத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். "வேண்டாம் தம்பி, காத்துப் பட்டா துணி பொடிஞ்சிரும்" என்றார். இதைத்தான் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எண்பது வருஷத்துக் கெட்டிக் காக்கி டிரில் துணி காற்றுப் பட்டதும் பொடியாகாது. கறையான், ஈரம் தின்றிருந்தால் அது கண்ணாடி வழியாகவே தெரியும்.

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா வந்தபோதுதான் சட்டத்தைக் கழற்றினோம். மடித்து வைத்திருந்த சட்டைக் கையை அவர் விரித்தார். பாயும் புலி போட்ட பேட்ச் வெளியே பாதி தெரியும்படி இருந்தது, மீதி இப்போதுதான் தெரிந்தது. புலிக்கு மேலே எழுத்து. "மாப்ள, இங்கிலீஷ் மாதிரி இருக்கு, ஆனா இங்கிலீஷ் இல்லையே" என்றார். அது ஜெர்மன். 'சுதந்திர இந்தியா' என்பதைத்தான் ஜெர்மனில் எழுதியிருந்தது.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே முடிந்தது. நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது, வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு அங்கே ஒரு படை திரட்டினார். அவர்கள் போட்டது ஜெர்மன் ராணுவ உடுப்பு. இந்த எழுத்தோடு புலி பேட்ச் குத்தியதும் அவர்கள்தான். அந்தப் படை ஹாலந்து, பிரான்ஸ் என்று ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்ற படை வேறு. அவர்கள் பெரும்பாலும் போட்டது சிங்கப்பூரில் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன காக்கியை. 1944இல் இம்பாலிலிருந்து பின்வாங்கியபோது பசி, மலேரியா, மழை. கிழிந்த துணியோடு காட்டைக் கடந்து வந்தார்கள். பிறகு போர்க் கைதிகளாக முகாம் வாசம். அதையெல்லாம் தாண்டி, கஞ்சி போட்டது போல ஒரு கேப்டன் சட்டை, அதுவும் ஜெர்மன் பேட்சோடு, கானாடுகாத்தானுக்கு வந்து சேர்ந்ததாம்!

அப்புறம் மாமா தையல் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். நிஜமாகவே வெயிலில் வெளுத்த துணி என்றால் மடிப்புக்குள் பழைய நிறம் அழுத்தமாக இருக்கும். இதில் உள்ளும் வெளியும் ஒரே பழுப்பு. டீத்தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் தையல் நூல் மட்டும் பளீரென்று நீலமாக எரிந்தது. இப்படி எரிய வைப்பது துணிக்கும் நூலுக்கும் வெண்மை கூட்டும் ஒரு ரசாயனம், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலானது. (இந்தக் கால சோப்புத்தூளில் துவைத்த பழந்துணியும் இப்படி ஒளிரும், அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.) நூலில் ஒரு இழை உருவிக் கொளுத்தினோம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றது. பாலியெஸ்டர். 1944இல் ராணுவத் தையல்காரனுக்கு அது கிடைத்திருக்க வழியே இல்லை.

கடைசியாகக் காலர். உள்பக்கம் 'ரங்கூன்' என்று இங்கிலீஷில் எம்பிராய்டரி போட்ட ஒரு துணித் துண்டு. அதன் ஓரத்தைத் தூக்கினால் அடியில் மார்க்கர் பேனாவில் 'ஜூ.ஆ. 27'. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் இருபத்தேழு. செட்டிநாட்டு வீடுகளில் ஷூட்டிங் நடப்பது புதிதில்லையே, முடிந்ததும் துணிமணியை மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில்லைப் பார்க்கச் சொன்னார். 'பழைய துணி, 1 செட்' என்று எழுதியிருக்கிறது. "துணி பழசு இல்லையா தம்பி? நான் பொய் சொல்லலையே" என்கிறார். கூடவே கொடுத்த 'உண்மைச் சான்றிதழ்' ரப்பர் ஸ்டாம்ப் குத்திய வெறும் லெட்டர்பேட் தாள். அதில் முகவரி கிடையாது.

ஆனால் வாட்ஸ்அப்பில் "ஒரிஜினல் ஐ.என்.ஏ., 1944" என்று அவரே அனுப்பிய செய்தியும் குரல் பதிவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தொல்பொருள் சட்டத்தில் புகார் செய்யச் சொன்னவர்களுக்கு: 1972ஆம் வருஷத்துச் சட்டம் பொதுவாக நூறு வருஷம் தாண்டிய பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது. இரண்டாம் உலகப் போர் உடுப்பு நிஜமாகவே இருந்தாலும் அதற்குள் வராது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் கண்ணாடிச் சட்டத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 'ஐ.என்.ஏ. சீருடை, 1944' என்று பில்லிலேயே எழுதி, போலி என்றால் பணம் வாபஸ் என்று கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நிஜச் சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார். இப்போது அதே ஆள், நேதாஜி படையின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைப் பெண் ஒருவருடைய சட்டை என்று புதுப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம், விலை 55,000. யாருக்காவது வந்தால் காலருக்கு உள்ளே பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.