நிலையான விளைவா, எழுமாற்று விளைவா? இரண்டு கரி ஆய்வுகளும் என் தெரிவும்

திருகோணமலையில் என்னிடம் புள்ளிவிபர உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பட்டப்பின்படிப்புக்குத் தயாராகும் டொக்டர்மார். அவர்களில் ஒருவர் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து, "சேர், இதுகள் இரண்டையும் சேர்த்தால் என்ன விடை வரும்?" என்று கேட்டார். இரண்டும் இலங்கையில் நடந்தவை. இரண்டும் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தவை. நஞ்சு உடலில் சேர்ந்த நிலையில் வைத்தியசாலைக்கு வருபவருக்குச் செயலூட்டிய கரியை (நஞ்சைப் பிடித்துக்கொள்ள விழுங்கக் கொடுக்கும் கரித்தூளை) ஒரு வேளையோடு நிறுத்தலாமா, பல வேளை கொடுக்க வேண்டுமா என்பதே இரண்டிலும் உள்ள கேள்வி. விடைகள்தான் ஒத்துப்போகவில்லை.

2003இல் வந்த ஆய்வில் மஞ்சள் அலரி நஞ்சால் பாதிக்கப்பட்ட 401 பேர். எல்லோருக்கும் முதலில் ஒரு வேளை கரி. பிறகு ஒரு பாதிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 50 கிராம் வீதம் மூன்று நாள் கரி, மறுபாதிக்குப் போலி மருந்து. கரியைத் தொடர்ந்து பெற்ற 201 பேரில் 5 பேர் இறந்தார்கள், மற்ற 200 பேரில் 16 பேர். 2008இல் வந்தது பெரிய ஆய்வு: பூச்சிநாசினி, அலரி எனப் பலவகை நஞ்சுகள் கலந்து 4,632 பேர், மூன்று குழுக்கள். பல வேளை கரி பெற்ற 1,531 பேரில் 97 பேரும், ஒரு வேளை மட்டும் பெற்ற 1,545 பேரில் 109 பேரும் இறந்தார்கள். கரியே பெறாத குழுவிலும் இறப்பு 6.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட அதேதான்.

இப்படியான ஆய்வுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் பழக்கம் புதிதல்ல. 1904லேயே கார்ல் பியர்சன் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிப் படைவீரர்களிடம் திரட்டிய தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார். மெட்டா பகுப்பாய்வு என்ற பெயர் 1976இல்தான் வந்தது. இன்று யாரும் முதலில் முட்டிக்கொள்ளும் சந்தி ஒன்றுதான்: நிலையான விளைவு முறையா, எழுமாற்று விளைவு முறையா? முதலாவதில், ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் மாறற்றிறனின் (விடை எவ்வளவு தளம்பக்கூடும் என்ற அளவின்) தலைகீழே நிறை. தகவல் அதிகம் உள்ள ஆய்வுக்கு நிறையும் அதிகம். இரண்டாவது, உண்மையான விளைவே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும் என்று எடுத்துக்கொண்டு, ஆய்வுகளுக்கிடையிலான மாறற்றிறன் ஒன்றைக் கணித்து, எல்லா ஆய்வுகளின் மாறற்றிறனோடும் சமமாகக் கூட்டிவிடுகிறது. 1986இல் டெர்சிமோனியனும் லெயார்டும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது ஊரெங்கும் பரவிவிட்டது.

செலவு, நேரம், மென்பொருள் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆர் என்ற புள்ளிவிபரக் கணினி மொழியில் மெட்டாஃபோர் என்ற இலவசப் பொதியில் ஒரு சொல்லை மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். எக்செலிலேயே போட்டுவிடலாம், நான் முதலில் அப்படித்தான் போட்டேன். கணக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

சரி, விடைகள். ஆபத்து விகிதம் (பல வேளைக் குழுவின் இறப்பு வீதத்தை ஒரு வேளைக் குழுவின் வீதத்தால் வகுத்தது) 1 என்றால் பல வேளைக்கும் ஒரு வேளைக்கும் வித்தியாசம் இல்லை, 1க்குக் கீழ் என்றால் பல வேளை நல்லது. முதல் ஆய்வு தனியே 0.31. இரண்டாவது தனியே 0.90. நிலையான விளைவு முறையில் சேர்த்தால் 0.84, 95 சதவீத நம்பிக்கை ஆயிடை (உண்மை விடை இருக்கக்கூடிய வீச்சு) 0.65 முதல் 1.08 வரை. எழுமாற்று விளைவு முறையில் 0.59, ஆயிடை 0.21 முதல் 1.63 வரை.

ஆயிடை இரண்டிலும் 1ஐத் தாண்டுகிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதானே என்று டொக்டர் சொன்னார். அப்படி இல்லை. வார்டில் நின்று வாசிப்பவர் கண்ணில் முதலில் விழுவது நடு எண். 0.84 என்றால் "ஏதோ கொஞ்சம் இருக்கலாம்" என்று விட்டுவிடுவார். 0.59 என்றால் "இறப்பு 41 சதவீதம் குறைகிறது, இன்னும் நிரூபிக்கத்தான் இல்லை" என்று மனதில் பதித்துக்கொள்வார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நான் என் முடிவை எடுத்த இடமும் அதுதான், அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நிலையான விளைவில் 401 பேரின் ஆய்வுக்குக் கிடைக்கும் நிறை 7 சதவீதம். எழுமாற்றில் அதே ஆய்வுக்கு 40 சதவீதம். ஆய்வில் ஒருவர்கூடக் கூடவில்லை, தரம் உயரவில்லை. இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதற்காக மட்டுமே சிறியவருக்கு இந்தப் பதவி உயர்வு. முரண்பாடு கூடக் கூட ஒவ்வோர் ஆய்வின் நிறையும் சமத்தை நோக்கி நகரும். முரண்பாடு எல்லை மீறிப் போனால் 21 இறப்புகள் உள்ள ஆய்வுக்கும் 206 இறப்புகள் உள்ள ஒப்பீட்டுக்கும் பாதிக்குப் பாதி.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி மூன்று கரையிலும் இன்று பாரை மீன் என்ன விலை போனது என்று கேட்டால், விற்ற கிலோக்களைக் கணக்கில் எடுத்து ஒரு சராசரி சொல்லலாம், கரைக்கு ஒரு விலை என்று எடுத்தும் ஒரு சராசரி சொல்லலாம். இரண்டாவதும் சராசரிதான். ஆனால் ஒரு கரையில் நாலு மீன்தான் விற்றது என்றால் அந்த நாலு மீனை வாங்கியவர் விலையைத் தூக்கிவிடுவார்.

சிறிய ஆய்வு வெறும் சிறியது மட்டும் என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை, தப்பு இரு பக்கமும் சரிசமமாக விழும். ஆனால் சிறிய ஆய்வுகள் அப்படிச் சீராகத் தவறுவதில்லை. பலன் காட்டிய சிறிய ஆய்வு அச்சேறும், காட்டாதது அலுமாரியில் தூங்கும். ஆகவே சிறியவர்களுக்கு நிறையைக் கூட்டினால் அந்தச் சாய்வும் சேர்ந்து கூடும். மக்னீசியம் கதை இதற்குப் பெயர்போனது. மாரடைப்பில் மக்னீசியத்தை நாளத்தில் ஏற்றுவது பற்றி 1991இல் ஏழு சிறிய ஆய்வுகளைச் சேர்த்தார்கள். மொத்தம் 1,301 பேர், இறப்பின் வாய்ப்பு விகிதம் 55 சதவீதம் குறைவு. 1992இல் லிமிட்-2 என்ற ஆய்வு, 2,316 பேர், இறப்பு 24 சதவீதம் குறைவு. பிறகு 1995இல் ஐசிஸ்-4 வந்தது, 58,050 பேரோடு. மக்னீசியம் பெற்றவர்களில் 7.64 சதவீதமும் பெறாதவர்களில் 7.24 சதவீதமும் இறந்தார்கள். பலன் என்று ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் நிலையான விளைவு ஐசிஸ்-4 சொல்வதையே சொல்கிறது. எழுமாற்று விளைவோ, அத்தனை பேரும் வந்த பிறகும் மக்னீசியம் உயிர் காக்கிறது என்கிறது. ஐசிஸ்-4இல் மருந்து தாமதமாகக் கொடுக்கப்பட்டது என்று வாதிட்டவர்கள் உண்டு, அது தனி விவகாரம். என்னைப் பொறுத்தவரை, சின்னச் சின்ன ஆய்வுகள் கூடி 58,000 பேரை மீறிப் பேச இடம் கொடுக்கும் முறையை நான் முதல் தெரிவாக எடுக்க மாட்டேன்.

எழுமாற்று விளைவின் பக்கம் உள்ள உண்மையான பலம் அதன் அகலமான ஆயிடை. இரண்டு ஆய்வுகளும் இவ்வளவு முரண்படும்போது 0.65 முதல் 1.08 என்ற ஒடுக்கமான ஆயிடையை நீட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான். நோயாளர் வேறு, கரி கொடுத்த அட்டவணையும் வேறு (2008இல் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஆறு வேளை). ஹென்மியும் கோபாஸும் 2010இல் சொன்ன வழி எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்: நடு எண்ணை நிலையான விளைவிலிருந்து எடு, அகலத்தில் ஆய்வுகளுக்கிடையிலான மாறற்றிறனையும் சேர். அந்த யோசனையை எளிய வடிவில் போட்டால் 0.84, ஆயிடை 0.25 முதல் 2.85 வரை. டொக்டருக்கு நான் கொடுத்தது இந்த வரிதான், கூடவே இரண்டு ஆய்வுகளின் தனித்தனி எண்களும். ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது ஆயிடையை அகலமாக்கும் ஹார்ட்டுங்–க்னாப் திருத்தத்தைப் போடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகள் ஏழெட்டு இருந்தால் நானும் போடுவேன். இங்கே போட்டால் ஆயிடை 0.001க்கும் கீழே தொடங்கி 400ஐத் தாண்டுகிறது. பொய் சொல்லவில்லை, ஆனால் டொக்டருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முரண்பாட்டை அளக்கும் ஐ-ஸ்கொயார் 50 சதவீதத்தைத் தாண்டினால் எழுமாற்று, தாண்டாவிட்டால் நிலையானது என்று ஒரு விதி போலவே பலர் சொல்வார்கள். இங்கே அது 76 சதவீதம். இரண்டு ஆய்வுகளில் கணித்த ஐ-ஸ்கொயாரை நம்பி முறையை மாற்றுவது எனக்கு ஒத்துவராது. அப்புறம், எந்தச் சராசரி வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. அதைத் தரவைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாமா?

என் கட்சி எங்கே தோற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகள். ஆபத்து விகிதம் நிலையான விளைவில் 0.65, எழுமாற்றில் 0.49. இதில் ஆகப் பெரியது செங்கல்பட்டு ஆய்வு: ஒரு பக்கம் 88,391 பேரில் 505 நோயாளர், மறுபக்கம் அதே எண்ணிக்கையில் 499. பாதுகாப்பு சுத்தமாக இல்லை. நிலையான விளைவில் இது ஒன்றே ஐந்தில் இரண்டு பங்கு நிறையை வைத்திருக்கிறது. ஆனால் இங்கே பெரிய ஆய்வு சரி, சின்னது பிழை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பலன் அகலாங்கோடு கூடக் கூடக் கூடுகிறது. பிரித்தானியாவில் நன்றாக வேலை செய்த ஊசி 13 பாகையில் வேலை செய்யவில்லை. திருகோணமலை இருப்பது 8.5 பாகையில். எங்களுக்கு 0.65உம் உதவாது, 0.49உம் உதவாது, அகலாங்கை வைத்து வரைந்த கோட்டைப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். அந்தக் கோடும் 13 பாகைக்குக் கீழே தரவில்லாமல்தான் நீள்கிறது. (இங்கே குழந்தை பிறந்ததும் பிசிஜி போடுவதைப் பற்றி இதிலிருந்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வடிவங்களைத் தடுக்கவே அது போடப்படுகிறது, அந்தப் பலன் வேறு ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது.)

ஆகவே ஆய்வுகள் பத்துக்கு மேல் இருந்து, நாடுகளும் நோயாளரும் பலவகையாக இருந்து, "இனி ஒரு புது இடத்தில் என்ன நடக்கும்?" என்பதுதான் கேள்வி என்றால் நான் எழுமாற்று விளைவுக்கே போவேன், எதிர்வுகூறல் ஆயிடையையும் (புது ஆய்வு ஒன்றின் விளைவு விழக்கூடிய வீச்சையும்) சேர்த்துக் கேட்பேன். நம் டொக்டர்மார் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து ஆய்வுகள். அந்த அளவில் என் தெரிவு நிலையான விளைவின் நடு எண்.

முன்பே தெரிந்ததையும் கணக்கில் சேர்க்கும் பேயசியன் முறை பற்றிக் கேட்பவர்களுக்கு: சில கணக்குகளுக்கு மேல் நான் அதில் செய்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆய்வுகள் இரண்டே இருக்கும்போது ஆய்வுகளுக்கிடையிலான மாறற்றிறனை அந்த இரண்டிலிருந்து கறக்க முயல்வதைவிட, முன்பு நடந்த ஏராளமான மெட்டா பகுப்பாய்வுகளில் அது எந்த வீச்சில் இருந்தது என்று பார்த்து எடுத்துக்கொள்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சிறியவருக்கு நிறை கூடும் பிரச்சினை அதிலும் தீராது. நடு எண்ணில் அது இருந்துகொண்டே இருக்கும், எவ்வளவு என்பது எடுத்துக்கொண்ட வீச்சைப் பொறுத்தது.